தாங்கிக்கு ஏறிய மண்ணெண்ணெய்

ஓடாத எஞ்சினைக் கொண்டுவந்து தந்தால் ஓட வைத்துக் கொடுப்பேன். அது என் தொழில், அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைக் கண்டால்தான் எனக்குக் கை சும்மா இருக்காது. இதை இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைத்தால் என்ன என்று தோன்றும். (மனைவி வதனி இதை ஒரு நோய் என்கிறாள். மாமியார் இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.) அந்த நோயினால் என் மச்சாள் மாலினியின் கலியாணத்தை நான் மண்ணெண்ணெயில் முக்கி எடுத்த கதைதான் இது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிபோவார். நானும் அப்படி வந்தவன்தான். மட்டக்களப்பு வாவிக்கரையில் ஒரு வளவு. அதற்குள் இரண்டு வீடுகள். ஒன்று வதனிக்கு, மற்றது அவளுடைய தங்கை மாலினிக்கு. இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு, கம்பிக்கால் மேல் ஒரே தண்ணீர்த் தாங்கி. வீட்டுக்குப் பின்னால் என் கராஜ். அது கராஜ் அல்ல, தகரம் போட்ட கொட்டில் என்பது மாமியின் கட்சி. தோணிகளுக்குப் பூட்டுகிற எஞ்சின்களும், வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற பம்புகளும், கை உழவு இயந்திரங்களும் அங்கே வந்து சேரும். வாவிச் சேறும் வயல் சேறும் என் கொட்டிலில்தான் சந்தித்துக்கொள்ளும்.

அந்தச் சேற்றையும் கிறீசையும் கழுவ நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். யாரோ வீடு இடிக்கும்போது கழற்றிப் போட்ட, பாத்திரம் கழுவுகிற ஒரு குசினித் தொட்டி. அதன் கீழே முப்பது லீட்டர் மண்ணெண்ணெய் நிரப்பிய பீப்பா. பக்கத்தில் ஒரு பழைய கிணற்று மோட்டர். மோட்டரைப் போட்டால் மண்ணெண்ணெய் மேலேறித் தொட்டிக்குள் ஊற்றும். சாமானைப் பிடித்துத் தூரிகையால் தேய்த்தால் அழுக்கோடு திரும்பப் பீப்பாவுக்குள் இறங்கும். அருமையாக வேலை செய்தது. ஒரேயொரு குறை, மூன்று கிழமையில் மண்ணெண்ணெய் கோப்பி நிறத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு சாமானைக் கழுவுகிறோமா, கறுப்பு அடிக்கிறோமா என்று எனக்கே சந்தேகம் வரும்.

நான் ஆறு வருடம் கட்டாரில் ஒரு பெரிய கராஜில் வேலை செய்தவன். (இந்த வசனத்தை நான் சொல்லத் தொடங்கினால் எங்கள் வீட்டில் ஆட்கள் எழும்பிப் போய்விடுவார்கள். நீங்களாவது இருங்கள்.) அங்கே இருந்த கழுவும் இயந்திரத்தில் வடிகட்டி இருந்தது. ஊற்றுகிற திரவம் எப்போதும் கண்ணாடிபோல் இருக்கும். அதைவிட, வடிகட்டி அடைத்துக்கொண்டால் இன்னொரு குழாயைத் திறந்து அதையே கழுவிவிடுகிற வசதியும் இருந்தது. அதை நினைத்து நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தேன். கடைசியில் ஏறாவூருக்குப் போய், வீட்டுத் தண்ணீருக்குப் பூட்டுகிற நீல நிற வடிகட்டிக் கூடு ஒன்றும், உள்ளே போடுகிற வெள்ளைக் குழல் ஒன்றும், குழாயைத் திறந்து மூடுகிற இரண்டு திறப்புகளும் வாங்கிக்கொண்டு வந்தேன். எல்லாம் ஒரு மாதம் அலமாரியில் கிடந்தன. அதை எடுத்துப் பூட்ட நான் தெரிவுசெய்த நாள், மாலினியைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த ஞாயிற்றுக்கிழமை.

மாலினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு முப்பது வயது கடந்திருந்தது. அதற்கு முதல் வந்த இரண்டு கலியாணப் பேச்சையும் அவளே வேண்டாம் என்று விட்டாள். ஒருவர் வாயைத் திறந்தால் மூடுவதில்லை, மற்றவர் திறப்பதேயில்லை என்பது அவள் சொன்ன காரணம். இந்த முறை வெல்லாவெளிப் பக்கத்திலிருந்து ஜீவன் என்று ஒருவர், அரசாங்க அலுவலகத்தில் வேலை. படத்தைப் பார்த்துவிட்டு மாலினி, "வரட்டும், பார்ப்பம்" என்றாள். அவளுடைய வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வந்ததே பெரிய விசயம். மாமி அன்றிலிருந்து கோயில் கோயிலாக நேர்த்தி வைத்துக்கொண்டு திரிந்தார். மாமா காலமாகிப் பல வருடம் ஆகியிருந்ததால், வீட்டு ஆம்பிளை என்ற கதிரையில் நான்தான் இருந்தேன். இந்தக் கலியாணம் ஒப்பேற வேண்டும் என்று எனக்கும் உண்மையிலேயே ஆசை. மாலினி எனக்குச் சொந்தத் தங்கை மாதிரி.

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். வாவிக்கரையில் கிணற்றுத் தண்ணீர் வளவுக்கு வளவு மாறும். ஒரு வளவில் இளநீர் மாதிரி இருக்கும். வேலிக்கு அங்கால் வாயில் வைக்க முடியாத உப்பு. ஆகவே மாப்பிள்ளை வீட்டார் வந்தால் முதலில் தண்ணீர்தான் கேட்பார்கள். தங்கள் பிள்ளை ஆயுள் முழுக்கக் குடிக்கப்போகிற தண்ணீரல்லவா. கொடுத்ததை முழுக்கக் குடித்துவிட்டு வெறும் கிளாசை வைத்தால் சம்மதம். மிச்சம் வைத்தால், வாயால் சொல்லத் தேவையில்லை, சாப்பிட்டுவிட்டு மரியாதையாகப் போய்விடுவார்கள். மாமிக்கு இந்த விசயத்தில் கொஞ்சமும் பயமில்லை. எங்கள் கிணறு அந்தக் கரையிலேயே பேர்போன கிணறு.

அன்று காலையில் வதனி எனக்குத் தெளிவாகச் சொன்னாள்.

"இண்டைக்கு கராஜ் பக்கம் போகப்படா. அவங்க பத்தரைக்கு வந்திருவாங்க."

"வேல ஒண்டும் செய்யல்ல. சும்மா ஒரு பில்டர் பூட்டப் போறன்."

"நீங்க சும்மா எண்டு சொல்லக்குள்ளதான் எனக்குப் பயம்."

மாப்பிள்ளையின் தகப்பன் பெரிய போடியார், வட்டை வட்டையாக வயல் வைத்திருப்பவர், இயந்திரங்களில் விருப்பமுள்ளவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவருக்குக் காட்டுவதற்கு நம் வீட்டில் என்ன இருக்கிறது? மாலினி இருக்கிறாள், சரி. அதற்கு அடுத்ததாக? இதுதான் அன்று காலையில் என் மூளை வேலைசெய்த விதம்.

இரண்டு மணித்தியாலத்தில் பூட்டி முடித்தேன். மோட்டரிலிருந்து வடிகட்டிக்கு ஒரு குழாய், வடிகட்டியிலிருந்து தொட்டிக்கு ஒரு குழாய். கட்டாரில் பார்த்தபடி, வடிகட்டியைக் கழுவுவதற்காக மேலேயுள்ள தண்ணீர்த் தாங்கியிலிருந்தும் ஒரு குழாய் இழுத்து, மோட்டருக்கும் வடிகட்டிக்கும் நடுவில் பொருத்தினேன். அதற்கு ஒரு திறப்பு. கட்டாரில் அந்த இடத்தில் வேறு என்னவோ ஒரு சாமான் இருந்த ஞாபகம், என்னவென்று நினைவில்லை, ஆகவே தேவையில்லை என்று முடிவுசெய்தேன். வெள்ளைக் குழல் மட்டும் போதாது என்று, நான் உடுத்துக் கழித்த பழைய சாறனைக் கிழித்து அதைச் சுற்றி நான்கு சுற்றுச் சுற்றினேன். வடித்தால் வடித்த மாதிரி இருக்க வேண்டும்.

எங்கேயாவது ஒழுகுகிறதா என்று பார்க்கத் தண்ணீர்த் திறப்பைத் திறந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. என் கையை நானே மெச்சிக்கொண்டிருக்கும்போது மாமி கூப்பிட்டார்.

"தம்பி, கதிரை காணாது. பக்கத்து வீட்டில கேட்டு நாலு எடுத்துட்டு வாங்க."

போனேன். நான்கு கதிரைகளை எடுத்து வந்தேன், துடைத்தேன், வரிசையாகப் போட்டேன். திரும்பி வந்து மோட்டரைப் போட்டேன். இந்த இரண்டுக்கும் நடுவில் நான் செய்திருக்க வேண்டிய ஒரு சின்ன வேலை இருந்தது. அதைக் கவனித்த வாசகர்கள் என் வீட்டாரைவிடப் பொறுமைசாலிகளாக இருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மோட்டர் உறுமியது. தொட்டிக்குள் சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. பெருக்கெடுத்து ஊற்றவில்லைதான், ஆனால் விழுந்தது என்ன தெளிவு. கோப்பி நிறத்தில் கிடந்த மண்ணெண்ணெய் கண்ணாடிபோல் வந்தது. கட்டாரில்கூட நான் இப்படிக் காணவில்லை. ஒரு வெறும் போத்தலை எடுத்து அதைப் பிடித்து, போடியாருக்குக் காட்ட மேசையில் வைத்தேன். பீப்பாவை எட்டிப் பார்த்தால் மண்ணெண்ணெய் பாதியாகக் குறைந்திருந்தது. புது வடிகட்டி, முதலில் கொஞ்சம் உறிஞ்சும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். இன்னும் ஐந்து லீட்டர் ஊற்றினேன். அதையும் உறிஞ்சியது. அவ்வளவு சின்னக் கூட்டுக்குள் இவ்வளவு மண்ணெண்ணெய் எப்படிப் போகிறது என்று ஒரு பாலர் வகுப்புப் பிள்ளை கேட்டிருக்கும். நான் கேட்கவில்லை. அதற்குள் வாசலில் வான் வண்டியொன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. மோட்டரை நிறுத்திவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவி, சேட்டை மாற்றிக்கொண்டு ஓடினேன்.

வந்தவர்கள் ஒன்பது பேர். எல்லோரும் வாசல் பைப்பில் தாராளமாகக் கால் கழுவினார்கள். பிறகு முன்விறாந்தையில் அமர்ந்தார்கள். நடுவில் போடியார், பக்கத்தில் அவருடைய மனைவி, அந்தப் பக்கம் மாப்பிள்ளை ஜீவன். வெள்ளைச் சேட்டு, கத்திபோல் மடிப்பு, வாயை மூடிக்கொண்டு மெல்லச் சிரிக்கிற முகம். மாமி உள்ளே பார்த்துக் கண்ணைக் காட்டினார். வதனி குசினிப் பைப்பில் எவர்சில்வர் கிளாசுகளை நிரப்பித் தட்டில் கொண்டுவந்தாள். (மணக்கவில்லையா என்று பிறகு கேட்டேன். மணத்ததாம். அது என்னிடமிருந்து வருகிற மணம் என்று நினைத்தாளாம், பதினொரு வருடமாக அப்படித்தானே.)

"எங்கட கிணத்துத் தண்ணி, குடிச்சுப் பாருங்க" என்றார் மாமி. "இந்தக் கரையில இப்பிடித் தண்ணி ஒரு வளவிலயும் இல்ல."

போடியார் ஒரு மிடறு குடித்தார். அதை வாயில் வைத்துக்கொண்டு முற்றத்து மாமரத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு விழுங்கினார்.

"ஓம்" என்றார். "உப்பில்ல."

அவருடைய மனைவியும் ஒரு மிடறு குடித்தார். "உப்பு இல்லத்தான்" என்றார்.

"உப்பு மட்டுமா?" மாமிக்குத் தெம்பு வந்துவிட்டது. "இந்தத் தண்ணியில சோறாக்கினா அடுத்த நாளைக்கும் பழுதாகாது."

"ஆகாது" என்றார் போடியார்.

"ஒரு பூச்சி புழு கிட்ட வராது."

"வராதுதான்."

"என்ட ரெண்டு பிள்ளையளும் இதக் குடிச்சு வளந்ததுதான்."

போடியாரின் மனைவி உள்ளே எட்டி, கதவருகில் நின்ற மாலினியைப் பார்த்தார். அதுவரை இருந்த பார்வை வேறு, அந்தப் பார்வை வேறு. அது இரக்கம். பிறகு முக்கால்வாசி நிறைந்திருந்த கிளாசை மெதுவாகக் குட்டிமேசையில் வைத்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக வைத்தார்கள். மாமியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. மிச்சம் வைத்த கிளாசுகள் எட்டு. கதவருகில் மாலினி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

ஜீவன் மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமல், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், கடைசிச் சொட்டுவரை குடித்து, வெறும் கிளாசை வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தருவீங்களா?" என்று கேட்டார். அவருடைய தாய் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

எனக்கு அப்போதும் ஒன்றும் விளங்கவில்லை. கிணறு ஏன் திடீரென்று பழுதானது என்று யோசித்துக்கொண்டு, வந்த தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தேன். தேயிலை, சீனி, பால், அவற்றுக்குப் பின்னால் என் பழைய நண்பர் ஒருவர். இருபது வருடம் மண்ணெண்ணெயோடு வாழ்ந்தவனுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இருபது லீட்டரும் எங்கே போனதென்று அந்த ஒரு வாயில் தெரிந்துவிட்டது. நான்கு சுற்றுச் சாறனைத் தாண்ட முடியாத மண்ணெண்ணெய், திறந்து கிடந்த தண்ணீர்க் குழாய் வழியாக நேரே தாங்கிக்கு ஏறியிருக்கிறது. மேலே போய் மிதந்துகொண்டிருந்திருக்கிறது. காலையில் சமையலுக்குத் தண்ணீர் எடுத்தபோது ஒன்றும் இல்லை. ஒன்பது பேர் கால் கழுவித் தாங்கி குறையக் குறைய, அது மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்திருக்கிறது.

போடியார் தொண்டையைச் செருமினார். "தம்பி, இந்தக் கிணத்துக்குக் கிட்ட மில், எண்ணெய்க் கடை ஏதும் இரிக்கா?"

பேசாமல் இருந்தால் என் மானம் தப்பும், மாலினியின் கலியாணம் போகும். சொன்னால் கலியாணம் தப்பலாம், நான் தப்ப மாட்டேன். நான் பெரிய தியாகி என்று நினைக்க வேண்டாம். மேசையில் அந்த எட்டுக் கிளாசையும் பார்த்தபோது வாய் தானாகத் திறந்துவிட்டது.

"ஐயா, கிணத்தில ஒரு பிழையும் இல்ல. அது என்ட மண்ணெண்ண."

மாமி என் பக்கம் திரும்பி, "என்ன மனே சொல்றீங்க?" என்றார். சாதாரணமாக என்னை 'தம்பி' என்பவர். 'மனே' என்று அவ்வளவு அன்பாக அழைத்தால் அது ஆபத்து.

ஒன்பது பேரும் எங்கள் வீட்டாரும் ஊர்வலமாகக் கொட்டிலுக்கு வந்தார்கள். நான் விளக்கினேன். கட்டாரைப் பற்றியும் சொன்னேன் என்று வதனி சொல்கிறாள், எனக்கு ஞாபகமில்லை. போடியார் குழாய்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் தடவிக்கொண்டு வந்து, தண்ணீர்த் திறப்பில் நின்றார்.

"இது ஏன் திறந்து கிடக்கு?"

"கதிரை எடுக்கப் போனன், ஐயா."

அவர் மேசையிலிருந்த போத்தலை எடுத்தார். என் மிச்ச மானத்தைக் காப்பாற்ற, "அது வடிச்ச மண்ணெண்ண, எவ்வளவு தெளிவெண்டு பாருங்க" என்றேன். அவர் மூடியைத் திறந்து மோந்தார். திரும்பவும் மோந்தார். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார்.

"தம்பி, இது தண்ணி."

ஒழுகுகிறதா என்று பார்க்கத் திறந்தபோது வடிகட்டிக்குள் நிறைந்த தண்ணீர். மண்ணெண்ணெய் அந்தச் சாறனை ஒரு சொட்டும் தாண்டவில்லை. அன்று எங்கள் வளவில் பைப்பால் வந்த ஒரே நல்ல தண்ணீர் அந்தப் போத்தலுக்குள்தான் இருந்தது. போடியார் அங்கே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டார். கோபத்தில் என்று பயந்தேன். தோள் குலுங்கியபோதுதான் சிரிக்கிறார் என்று தெரிந்தது. அவர் தொடங்கியதும் மற்றவர்களும் தொடங்கினார்கள். வதனி தகரத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மாமிகூட முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார்.

பிறகு போடியார் எழும்பிப் போய், தானே வாளியைக் கிணற்றில் விட்டு அள்ளினார். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். மனைவிக்கு ஒரு கிளாசில் ஊற்றிக் கொடுத்தார். அவரும் குடித்து முடித்து, வெறும் கிளாசைக் கவிழ்த்துக் காட்டினார்.

"தண்ணியில பிழையில்ல" என்றார் போடியார் மாமியிடம். "பிழ எங்க எண்டு எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு அப்போது வந்த நிம்மதியில் அழுகை வந்தது. மண்ணெண்ணெய் கண்ணில் பட்டதென்று சொல்லிச் சமாளித்தேன். அன்று பகல் முழுவதும் தாங்கியின் மேலே ஏறி, இருந்த தண்ணீரையெல்லாம் இறைத்து ஊற்றி, சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்த்தேன். கீழே விறாந்தையில் விருந்து நடந்தது. ஒவ்வொரு சிரிப்புச் சத்தமும் எதைப் பற்றியது என்று எனக்கு மேலேயிருந்தே தெரிந்தது. நான்கு தடவை கழுவியும் இரண்டு கிழமைக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் நன்றாகத் துப்பரவு செய்த எஞ்சின்கள் மாதிரி மணந்தோம்.

மூன்றாம் நாள் மாலினி ஓம் என்று சொல்லிவிட்டாள். இப்போது அவர்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள், ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. வடிகட்டியும் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் இல்லாமல், சாறன் இல்லாமல், மிக நன்றாக வேலை செய்கிறது. போடியாருக்கும் அதேமாதிரி ஒன்று செய்து கொடுத்தேன். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் மாமி தண்ணீரை நீட்டும்போதே, "கிணத்தில அள்ளினது" என்று சொல்லித்தான் கொடுக்கிறார். வந்தவர் ஏன் என்று கேட்பார். கேட்காவிட்டாலும் கதை வரும். மாலினிக்காக மண்ணெண்ணெய் குடித்த மாப்பிள்ளை என்று ஜீவனுக்கு இரண்டு ஊரிலும் பேர். அவர் அதை மறுப்பதுமில்லை, ஒத்துக்கொள்வதுமில்லை. மெல்லச் சிரிப்பார்.

போன மாதம் ஒரு பின்னேரம் மாலினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கராஜ் பக்கம் வந்தாள். பேச்சுவாக்கில் நான் கேட்டேன், ஒரு கிளாஸ் மண்ணெண்ணெய்க்கா நீ ஓம் என்றாய் என்று.

"அதுக்கில்ல அத்தான்" என்றாள். "நீங்க தாங்கியில ஏறி நிக்கக்குள்ள எல்லாரும் சோத்தில இருந்தாங்க. அவர் எழும்பி வந்து ஏணியைப் பிடிச்சிட்டு நிண்டவர். அண்டைக்கு உங்களப் பாத்துச் சிரிக்காத ஆள் அவர் ஒராள்தான். நான் யன்னலால பாத்துட்டு நிண்டனான்."

கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டேன். ஏணியை யாரோ பிடித்துக்கொண்டு நின்றது அன்று எனக்குத் தெரியும். யாரென்று குனிந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது வதனியிடம் இதைச் சொன்னேன். அவள் மீன் முள்ளை எடுத்துக்கொண்டே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள்.

"அவருக்கு அண்டைக்கு நல்ல தடிமன். மூக்கடைச்சு ஒரு மணமும் தெரியல்லயாம், ஒரு ருசியும் தெரியல்லயாம். சிரிச்சா இருமல் வந்திரும் எண்டு அடக்கிட்டு இருந்தவர். எனக்கிட்டச் சொல்லி, நான்தான் கொத்தமல்லி அவிச்சுக் கொடுத்தன்."

"எந்தத் தண்ணியில?" என்று கேட்டேன்.

அவள் அடுத்த முள்ளை எடுத்தாள். நான் யோசித்துப் பார்த்தேன். குடித்ததற்குத் தடிமன் காரணம். சிரிக்காததற்கும் தடிமன் காரணம். ஆனால் சாப்பாட்டை விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு, மேலேயிருந்து மண்ணெண்ணெய்த் தண்ணீர் வடிய வடிய ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதற்கு எந்தத் தடிமனும் காரணமில்லை. மாலினி சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.